சர்வகலாசாலை அனுபவம் சூன்யமா?

மாற்றுத் திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தும்படி இணையத்தளங்களையும் செயலிகளையும் செப்பனிடும் வடிவமைப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வெளியான அறிவிப்பில், மென்பொருள் நிறுவனமொன்றில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தாக வேண்டும் என்றும், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியிலும் போதனையிலும் கழிந்த காலம் அனுபவமாகக் கொள்ளப்படமாட்டாது என்றும் கண்டிருந்த நிபந்தனை, இத்தனை ஆட்சேபங்களுக்குப் பிறகும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் சென்ற வாரம் ஊர்ஜிதம் செய்யப்பட்டுவிட்டது. ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன என்று ஒரு வரி. காரணம் ஒன்றும் இல்லை.

இதே அறிவிப்பு, டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் சர்வதேச அணுகல் நெறிமுறைகளில் தேர்ச்சியை வற்புறுத்துகிறது. 1999இல் வெளிவந்த அந்நெறிமுறைகளின் முதற்பதிப்புக்கு ஆதாரமாக நின்றவை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டிரேஸ் ஆய்வு மையம் தொகுத்த விதிகள். பதிப்பாசிரியருள் ஒருவரான கிரெக் வாண்டர்ஹைடன் 1971இல் அம்மையத்தை நிறுவியவர். கணிதச் சமன்பாடுகளையும் செவிவழியே கற்கும் முறையை 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக அளித்து, அதன் பின்னரே பெருநிறுவனங்களில் பணியேற்ற பார்வையற்ற விஞ்ஞானி டி. வி. ராமன், பட்டம் பெற்ற கையோடு இத்தகைய அறிவிப்புக்கு விண்ணப்பித்திருந்தால், அனுபவம் இல்லாதவர் என்று நிராகரிக்கப்பட்டிருப்பார். நெறிமுறை வேண்டும், அது பிறந்த இடத்தில் பயின்றவர் வேண்டாம் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

பார்வையற்ற மாணவர்களோடும் செவித்திறன் குன்றிய மாணவர்களோடும் ஆண்டுக்கணக்கில் பழகி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் குறுக்கிட்டு உதவாமல் பொறுமையோடு கவனித்து, சம்மதம் பெற்றுப் பேட்டி கண்டு, கண்டதைப் பாரபட்சமின்றி எழுதிவைத்த சிறப்புக் கல்வி ஆய்வாளரோ உளவியல் விரிவுரையாளரோ செய்த வேலைக்கும், பயனர் ஆய்வு என்று நிறுவனங்கள் பெயரிட்டு ஊதியம் தரும் வேலைக்கும் சாரத்தில் பேதமில்லை. நிறுவனத்தின் வேகமும், ஃபிக்மா போன்ற கருவிகளும், கெடு தேதிக்குள் முடிக்கும் பழக்கமும் அவர்களுக்குப் புதியவையாக இருக்கலாம். அவை சில மாதங்களில் கைவரும். மனிதரைக் கவனிக்கும் சிரத்தை அவ்வாறு வந்துவிடாது. சொற்பத் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக இளமையைக் கழித்தவர், அந்த அறிவைக் கொண்டு வேறொரு துறையில் கௌரவமாகப் பிழைக்க முன்வரும்போது, கழிந்த ஆண்டுகள் அனைத்தும் கணக்கில் வாரா என்று சொல்வது, முதலில் இழைக்கப்பட்ட அநீதிக்கே முத்திரை குத்துவதாகும்.

இந்த அறிவிப்பை வெளியிட்டு அனுபவத்தின் மகிமையைப் போதிக்கும் இவர்களின் சரித்திரந்தான் என்ன? இவர்கள் முன்பு அமைத்த விண்ணப்பப் படிவத்தில், கோணல் எழுத்துகள் கொண்ட கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை. பிறந்த தேதியை மௌஸ் இன்றி நிரப்ப வழியில்லை. பிழை நேர்ந்த கட்டம் சிவப்பாக மாறியதே தவிர, பிழை இன்னதென்று ஒரு சொல் இல்லை. சுற்றறிக்கைகளை ஸ்கேன் செய்த படங்களாகவே ஏற்றினார்கள். யூனிகோடில் அல்லாமல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்களை ஸ்கிரீன் ரீடர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறியது. கண்டனம் எழுந்ததும், பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் பொறித்த பொத்தான் ஒன்றை ஒட்டிவைத்துவிட்டு, அணுகல் வசதி பூர்த்தியாகிவிட்டதாகப் பிரகடனம் செய்தார்கள். அதன்பின் புகார் ஏதும் வரவில்லை என்றும் பெருமை பேசினார்கள். புகார்ப் படிவத்திலும் அதே கேப்ட்சாதானே காவல் நின்றது! இத்தனையையும் வடித்தவர்கள், இன்றைய நிபந்தனை கோரும் ஐந்தாண்டுகளை அட்சரம் பிசகாமல் பூர்த்தி செய்தவர்களே.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. எண்மவழி அணுகல், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தும் ஆயிற்று. தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரம் படைத்தோர் இனியேனும் விசால மனத்தோடு இவ்விஷயத்தை மறுபரிசீலனை செய்து, கற்றோருக்கு வழிவிடத் தக்க ஏற்பாடு காண வேண்டும். தாங்கள் திறந்துவைத்த தளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கவும் துணியாதவர்களுக்கு, பிறருடைய அனுபவத்தை அளக்க என்ன யோக்கியதை இருக்கிறது?