தோள்பட்டையும் துணிமூட்டையும்

2023-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி மகாராஷ்டிரக் கரையிலுள்ள சிந்துதுர்க்கில் கடற்படை தின வைபவம் நடந்தது. அட்மிரல்களின் தோள்பட்டைச் சின்னங்கள் இனி சத்ரபதி சிவாஜியின் ராஜமுத்திரையைத் தழுவி அமையும் என்றும், கடற்படையின் பதவிப் பெயர்கள் இந்திய மரபுக்கு ஏற்ப மாற்றப்படும் என்றும் பிரதம மந்திரி அங்கே அறிவித்தார். அந்த மாதம் முடிவதற்குள் புதிய பட்டைகள் வெளியாயின. 'நெல்ஸன் வளையம்' என்று வழங்கிவந்த சுருள் போய், அதனிடத்தில் கடற்படையின் பொற்பொத்தான் அமர்ந்தது. எட்டுத் திக்குகளைக் குறிக்கும் எண்கோணமும், வாளும், தூரதர்சினியும் உடன் சேர்ந்தன. அதற்கு முன்பே, 2022-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி 'விக்ராந்த்' கப்பல் கொச்சியில் சேவையில் சேர்ந்த அன்று, கொடியிலிருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் கைக்கோல் ஏந்தி நடக்கும் வழக்கம் ஒழிந்தது. 2024 பிப்ரவரியில் போஜன விடுதிகளில் குர்தா பைஜாமா அணியவும் அனுமதி கிடைத்தது.

இவை யாவும் உவப்பான செய்திகளே. சிலுவை விஷயத்தில் சர்க்கார் ஒருமுறை காலை முன்னே வைத்துப் பின்னே எடுத்ததும் உண்டு. 2001-ல் அதை நீக்கினார்கள். அதற்குப் பதிலாக வைத்த நீலச் சின்னம் வானத்தோடும் கடலோடும் கலந்து தூரத்திலிருந்து புலப்படவில்லை என்று 2004-ல் மீண்டும் சிலுவையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதை 2022-ல் முடிவுக்கு வந்ததில் நமக்குத் திருப்தியே. ஆனால் சின்னத்தை மாற்றியதோடு அடிமைக் காலத்தின் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று எண்ணுபவர்கள், அந்தச் சின்னங்கள் எதற்காகப் பிறந்தன என்பதைச் சற்று விசாரிக்க வேண்டும்.

நெல்ஸன் இறந்தது 1805-ல். அவர் பெயரால் வழங்கும் வளையம் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கைப்பட்டையில் ஏறியது 1856-ல். அது வீரத்தின் நினைவுச் சின்னமாக ஏறவில்லை; கப்பலை நடத்தும் அதிகாரம் பெற்ற கூட்டத்தாரை மற்ற அதிகாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டவே ஏறியது. எந்திரத்தை ஓட்டிய எஞ்சினியர்களுக்கு அந்த வளையம் கிடையாது. கப்பல்கள் பாயை விட்டு நீராவிக்கு மாறி, எஞ்சினியர் இல்லாமல் கப்பல் ஓரடி நகராது என்ற நிலை வந்து வெகுகாலம் கழித்து, 1915-ல்தான் அவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். நம் தேசத்தில் ஜாதி வேற்றுமையைக் கண்டு முகம் சுளித்த ஆங்கிலேயர், தம் சட்டைக் கையில் பொன்னிழையால் ஒரு ஜாதியைப் பின்னி வைத்திருந்தார்கள்!

அதிகாரிகளுக்குள்ளேயே இவ்வளவு பேதமென்றால் மாலுமியின் கதி என்னவாயிருக்கும்? பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்குச் சீருடை விதி 1748-ல் ஏற்பட்டது. சாதாரண மாலுமிக்கு அது ஏற்பட்டது 1857-ல். நூற்றொன்பது வருஷம் கழித்து. அதுவரையில் அவன் கப்பல் சரக்கறைக்காரனிடம் துணி வாங்கி உடுத்தான். விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவனுடைய நீலக் கழுத்துப்பட்டையிலுள்ள மூன்று வெள்ளைக் கோடுகள் நெல்ஸனின் மூன்று வெற்றிகளைக் குறிப்பவை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமில்லை. தோள்பட்டையைப் பற்றிய விதி முதலிலும், துணிமூட்டையைப் பற்றிய விதி கடைசியிலும் வந்ததே அங்கேயிருந்து நமக்கு வந்து சேர்ந்த மரபு.

அந்த மரபின் மீது முதல் அடி கொடுத்தவர்கள் அட்மிரல்கள் அல்லர். 1946-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' என்ற கரைநிலையத்தில் மாலுமிகள் உணவை மறுத்து வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். அங்கே தளபதியாயிருந்த கிங் என்ற வெள்ளையர் அவர்களைப் பிறப்பைச் சொல்லி ஏசியது ஒரு காரணம். மட்டமான சோறு ஒரு காரணம். 'வெள்ளையனே வெளியேறு' என்று சுவரில் எழுதியதற்காகப் பலாய் சந்த் தத் என்ற வாலிபரைக் கைது செய்தது மற்றொரு காரணம். ஓரிரு நாட்களில் எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அதில் கலந்துகொண்டனர். வெள்ளைக் கொடியை இறக்கிவிட்டுக் காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்ட் கொடிகளை ஏற்றினார்கள்.

அவர்களுடைய கோரிக்கைகளை நாம் எல்லோரும் அறிவோம்: இந்திய தேசிய ராணுவத்தாரை விடுதலை செய்க, இந்தோனேஷியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பியழைத்துக்கொள்க, பிரிட்டிஷ் மாலுமிக்குச் சமமான சம்பளம் தருக. இவற்றினிடையே இன்னொன்றும் இருந்தது. சேவையிலிருந்து விடுவிக்கும்போது எங்கள் உடைச் சாமான்களைத் திருப்பிக் கேட்காதீர்கள் என்பது அது. மாலுமிகள் 'கிட்' என்று சொல்லும் மூட்டை: சட்டை, கால்சராய், பூட்ஸு, தொப்பி. சரித்திரம் எழுதினவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நமக்கோ அந்தப் பட்டியலில் இதுவே மற்றவற்றுக்கெல்லாம் விளக்கமாகத் தோன்றுகிறது. யுத்தம் முடிந்துவிட்டது, ஆயிரக் கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். உயிரைப் பணயம் வைத்தவன் அணிந்த சட்டையும் அவனுடையதன்று, இரவல் என்று சொல்லும் விதி, அவனை இன்னான் என்று மதிப்பிட்டுவிடுகிறதல்லவா?

பிப்ரவரி 23-ந் தேதி படேலின் யோசனையை ஏற்று அவர்கள் பணிந்தார்கள். பலர் வேலையிழந்தனர்; சுதந்திர இந்தியாவும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தானும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1950-ல் சின்னத்திலிருந்த கிரீடம் இறங்கி அசோகச் சிங்கம் ஏறியபோது, அதற்கு வழி செய்தவர்கள் அணிவகுப்பில் இல்லை.

சுதந்திர சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. பதக்கங்களின் விஷயத்தில் அது பிரிட்டனை வெகு தூரம் முந்திவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரே வீரச் செயலுக்கு அதிகாரிக்கு ஒரு பதக்கம், மாலுமிக்கு அதற்குக் குறைந்த வேறொரு பதக்கம். விக்டோரியா சிலுவையோ எந்தப் பதவியிலிருப்பவனும் பெறலாமென்று பெருமை பேசப்பட்டது. இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் 1911 வரையில் கதவடைப்பு. நாம் 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் ஆகியவற்றை ஏற்படுத்தியபோது பதவி வேற்றுமையை அறவே வைக்கவில்லை. பிரிட்டன் அந்த வேற்றுமையை நீக்கியது 1993-ல்.

இதன் பலனை 1971-ல் கண்டோம். டிசம்பர் 9-ந் தேதி 'குக்ரி' கப்பல் மூழ்கியபோது அதனோடு சென்ற காப்டன் மகேந்திரநாத் முல்லாவுக்கு மகா வீர சக்கரம். அதற்கு மறுநாள் குல்னா அருகே 'பலாஷ்' என்ற பீரங்கிப் படகு மூழ்கியபோது, தானே காயமுற்றிருந்தும் தோழர்களைக் கரை சேர்த்து, அவர்கள் தப்புவதற்காக எதிரியின் குண்டுகளுக்கு முன் ஓடியவர் 'லீடிங் ஸீமன்' பதவியிலிருந்த மாலுமி சிமன் சிங். அவருக்கும் அதே மகா வீர சக்கரம். ஒரே பதக்கம், ஒரே நாடா. இருவர் மார்பிலும் ஒரே இடம்.

மார்பில் கண்ட இந்த நியாயம் தோளுக்கு ஏன் வரவில்லை? 2017-ல் ஏற்பட்ட உடைப்படியில் அதிகாரிக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய், கீழ்நிலையினருக்கு 10,000 ரூபாய். அதிகாரியின் உடை வகைகள் அதிகம். ஆகவே இதைப் பெரிய அநியாயமென்று சொல்லமாட்டோம். நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில், சேருகிறவர்கள் வேறு எந்தப் பதவியோடும் ஒட்டாத தனிப் பதவியினராயிருப்பார்கள் என்றும், சேவைக் காலத்தில் சீருடையில் தனிச் சின்னம் அணிவார்கள் என்றும் விதித்திருக்கிறார்கள். நான்கு வருஷ முடிவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நிலைத்திருக்க இடமில்லை. மற்றவர்களுக்குச் சேவா நிதி உண்டு; அறிவித்தபோது அது சுமார் 11.71 லட்சம் ரூபாய் என்றார்கள். பென்ஷன் இல்லை.

ராணுவத்தில் குறியில்லாமல் முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியாதுதான். யார் கட்டளையிடுகிறவர், யார் கீழ்ப்படிகிறவர், எவர் பீரங்கிக்காரர், எவர் தந்திக்காரர் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஆனால் தனிச் சின்னம் இவற்றில் எதைத் தெரிவிக்கிறது? இவன் தங்குகிறவனல்லன், போகிறவன் என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அந்தச் செய்தி எதிரிக்கும் பயன்படாது, நண்பனுக்கும் பயன்படாது. பக்கத்துத் தொங்குபடுக்கையில் படுத்திருப்பவனுக்குத்தான் பயன்படும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் தற்காலிக சேவையில் வந்த அதிகாரிகளுக்கு அலைபோல் வளைந்த பட்டையையும், நிரந்தர அதிகாரிகளுக்கு நேர்ப் பட்டையையும் கொடுத்தார்கள். யுத்தத்தில் இரு பட்டைக்காரர்களும் ஒரே கடலில்தான் மாண்டார்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குள் அந்த அலைப்பட்டையை அவர்களே கைவிட்டார்கள். அவர்கள் வேண்டாமென்று எறிந்ததை நாம் புதிதாகச் செய்து மாட்டுவானேன்?

2022-ம் வருஷக் கடைசியில் ஒரிஸ்ஸாவின் சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்து, 2023 மார்ச்சில் வெளிவந்த முதல் அணி சுமார் 2,600 பேர் கொண்டது. அவர்களில் 270-க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். இந்தியக் கடற்படையில் மாலுமிகளாகச் சேர்ந்த முதல் பெண்களும் அவர்களே. அவர்களுடைய நான்கு வருஷக் கணக்கு 2026 இறுதியில் முடிகிறது. அட்மிரல்களின் தோளை அலங்கரிக்க ஒரு மாதம் போதுமானதாயிருந்தது. சீருடை விதியிலிருந்து அந்தத் தனிச் சின்னத்தை நீக்கவும், விலகுகிறவன் தன் உடைகளையும் வில்லைகளையும் தன்னுடையவையாகவே கொண்டுபோகலாம், பதக்கங்களைத் தேசிய தினங்களில் மற்ற மாஜி வீரர்களைப் போலவே அணியலாம் என்று ஐயத்துக்கிடமின்றி எழுதவும் அவ்வளவு காலமும் வேண்டியதில்லை. கடற்படைத் தலைமை நிலையத்தின் உத்தரவில் நான்கைந்து வரிகள் போதும்.