இறைப்பு இயந்திரம் நின்றுபோனால் யாரைத் தேடுவது?

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் குடாநாட்டுத் தோட்டங்களில் இறைப்பு இயந்திரங்களின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஒரு தோட்டத்தில் அந்தச் சத்தம் திடீரென நின்றால் அடுத்த தோட்டத்தில் நிற்பவரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். எண்ணெய் முடிந்து நின்றதா, பழுதாகி நின்றதா என்பதைச் சத்தம் அடங்கிய விதத்தைக் கொண்டே சொல்லக் கூடியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் அநேகர் வயதான ஆண்கள். அவர்களுக்குப் பிறகு இந்த அறிவு யாருடைய கையில் இருக்கப் போகிறது என்பதே எமது கவலை.

எமக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் பெற்றோருடன் சிறுமியாக இடம்பெயர்ந்தவர். சொந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. கணவரும் இல்லை. நான்கு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைத்திருந்தார். வெங்காயம் திரளும் நேரத்தில் இயந்திரம் மக்கர் பண்ணத் தொடங்கியது. கயிற்றை இழுத்தால் ஸ்ராட் ஆகும், பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். சற்று ஆறவிட்டு இழுத்தால் இன்னும் பத்து நிமிடம். வாடகைக்கு ஓட்டோ பிடித்துக் கராச்சுக்குக் கொண்டு போனார். காபரேற்றர் பழுது என்றார்கள். தோட்டை அடகு வைத்துப் புதியது போட்டார். அதே நோய். இரண்டாம் முறை கொண்டு போனபோது றிங் தேய்ந்துவிட்டது, புது இயந்திரம் வாங்குவதே புத்தி என்றார்கள்.

கடைசியில் பக்கத்துத் தோட்டத்து முதியவர் ஒருவர் வந்து, இயந்திரம் நின்ற கையோடு எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மூடியில் காற்றுப் போவதற்கென்று ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் கீழே இறங்காது. தையல் ஊசி ஒன்றால் குத்தி எடுத்தார், வேலை முடிந்தது. அதற்குள் வெங்காயத்தில் ஒரு பகுதி வாடிவிட்டது, தோடும் அடகுக் கடையில் இருந்தது.

கராச்சுக்காரரைக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. வரிசையாகப் பத்து இயந்திரங்கள் நிற்கும் இடத்தில், பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? இயந்திரத்தோடு தினமும் நிற்பவருக்குத்தான் அதன் நோய் தெரியும். ஆனால் அந்தத் தாய்க்கு மூடியில் துவாரம் இருப்பதை அன்றுவரை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பற்றி எழுதுவானேன், மின் மோட்டார் வந்துவிட்டது, சூரிய சக்தியும் வந்துகொண்டிருக்கிறது என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. சொந்தக் காணியும் சொந்தக் கிணறும் உள்ளவர்கள் மின் மோட்டாருக்கு மாறுவதையே நாமும் விரும்புவோம். ஆனால் குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவர் யாருடைய பெயரில் மின் இணைப்பு எடுப்பது? அடுத்த போகத்துக்கு அதே காணி கிடைக்குமா என்பதே தெரியாதவர், நிலத்தில் பதித்துவிட்டுப் போகும் பொருளில் எப்படிப் பணம் போடுவார்? காணியில்லாதவருக்கு வேண்டியது தூக்கிக் கொண்டு போகக் கூடிய பொருள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழி, கைதடிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிள் கரியரில் இறைப்பு இயந்திரத்தைக் கயிற்றால் வரிந்து கட்டி உருட்டிச் சென்றவர்களும் இருந்தார்கள். உடுபுடவையை விட்டுவிட்டு இதையா கொண்டு வந்தாய் என்று அவர்களைத் திட்டியவர்களும் உண்டு. வந்த இடத்தில் யாரோ ஒருவருடைய காணியில் மரவள்ளியும் மிளகாயும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்த இயந்திரந்தான். 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு அதற்கும் வழியிருக்கவில்லை.

அந்தத் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் உதிரிப் பாகங்கள் வரவில்லை, பெற்றோல் கண்ணில் படவில்லை. இயந்திரத்தைச் சூடாக்கச் சில துளி பெற்றோல், பின்னர் மண்ணெண்ணெய் என்று எம்மவர்கள் பழகினார்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பழக்கத்தைப் பலர் மீண்டும் நினைத்துக் கொண்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. பின்னர் இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. பழுதுபட்ட இயந்திரம் வீணாகக் குடிக்கும் ஒவ்வொரு போத்தலும் அடுப்படிச் செலவிலிருந்துதான் போகிறது.

மண்ணெண்ணெய் இயந்திரங்கள் சாவதற்கு முக்கிய காரணம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வகை இயந்திரம் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை இழுக்கும்போது காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நினைத்து இந்த இரண்டாவது மாற்றத்தை நாம் செய்வதில்லை. மறுநாள் குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயோடு இருபது தரம் இழுக்கிறோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து கீழேயுள்ள ஒயிலோடு கலக்கிறது. ஒயில் தண்ணீராகிறது, அதன் வழுவழுப்புப் போகிறது, உள்ளே இரும்பும் இரும்பும் தேய்கின்றன. ஒயில் மட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்களையும் கண்டிருக்கிறோம்! ஒயில் ஒருபோதும் தானாகக் கூடாது. கூடியிருந்தால், அல்லது தொட்டு மணந்தால் மண்ணெண்ணெய் மணம் வந்தால், அன்றே வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். இரண்டு அங்குல இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் அரை லீற்றருக்கும் முக்கால் லீற்றருக்கும் இடைப்பட்ட அளவே போதும். அந்த ஒயிலின் விலை பெரிதா, பிஸ்ரனின் விலை பெரிதா?

பழுதில்லாவிட்டாலும் 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது நல்லது. புதிய இயந்திரமானால் முதல் மாற்றம் 20 மணித்தியாலத்தில். மூன்று நாளுக்கு ஒருமுறை நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு 50 மணித்தியாலம் என்பது ஏறக்குறைய ஐந்து வாரம். இறைத்த நாட்களைச் சமையலறைக் கலண்டரில் ஒரு கோடு போட்டு வந்தால் கணக்குத் தானாகத் தெரியும். காற்று வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சுத்தமான ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போட வேண்டும். நன்றாக இழுக்கிறது என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் செம்மண் தூசியைக் கொண்டு தம் பிஸ்ரனைத் தாமே அராவுகிறார்கள். பிளக்கின் கரியைச் சுரண்டி, இடைவெளியை 0.7 மில்லிமீற்றர் அளவில் வைத்தால் சரி. அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஏழு சவர பிளேட்டுகளை ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அந்தத் தடிப்பு வரும்.

வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் ஒயில் கலந்து அங்குள்ள மக்கள் பட்ட பாட்டை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்றை நாம் கெஞ்சியே கேட்கிறோம். இப்படிப்பட்ட பம்புகள் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்க மாட்டா. அது இயந்திரத்தின் குற்றமல்ல, காற்றழுத்தத்தின் எல்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் இயந்திரத்தையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு வாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் திரும்பி வராத செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இயந்திரம் நின்ற பிறகும் வாயு உடனே போய்விடாது. தண்ணீர் எட்டாவிட்டால் அன்றைக்கு இறைப்பு இல்லை. பயிர் போனால் போகட்டும்.

இனி நிவாரணம் தருபவர்களிடம் ஒரு வார்த்தை. மீள்குடியேற்றத்தின்போது பல நிறுவனங்கள் இறைப்பு இயந்திரங்களை வழங்கின. நன்றியோடு வாங்கினோம், படமும் எடுத்துக் கொண்டோம். ஒரே கிராமத்தில் நான்கு வகை இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது, சிலவற்றின் பாகம் நகரத்திலும் கிடைக்காது. கையேடு இருந்தது, அதில் தமிழ் இருக்கவில்லை. அந்த இயந்திரங்களிற் சில இன்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பத்துக் குடும்பத்துக்குப் பத்து இயந்திரம் கொடுக்கப் பணம் இருந்தால், எட்டு இயந்திரத்தைக் கொடுத்து இருவர் இருவராகச் சிலரைப் பகிரச் சொல்லுங்கள். மிச்சப் பணத்தில் ஒரே வகைப் பிளக்கும் கஸ்கற்றும் சீலும் றிங்கும், ஒரு சாவிச் செற்றும் வாங்கிக் கிராமத்திலேயே வையுங்கள். இரண்டு இயந்திரம் குறைந்துவிட்டதே என்று எங்களில் சிலரே முணுமுணுப்பார்கள். ஐந்து வருடத்துக்குப் பின் எத்தனை ஓடுகின்றன என்பதை வந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

பயிற்சி என்று வைத்தால் ஆண்களை மட்டும் அழைக்காதீர்கள். கயிறு இழுப்பது ஆம்பிளையின் வேலை என்ற எண்ணம் எம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. போருக்குப் பின் எத்தனை தோட்டங்கள் பெண்களின் கையில் இருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகும் அது மாறவில்லை. தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டு, நூல் அறுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கிற பெண்ணுக்குக் காபரேற்றர் கழற்றிக் கழுவுவது பெரிய வித்தையல்ல. அதற்குப் பலம் வேண்டாம், சிறு திருகாணிகளை ஒழுங்காக அடுக்கி வைக்கும் பொறுமைதான் வேண்டும். அந்தப் பொறுமை யாரிடம் கூட என்று ஆண்களாகிய எங்களுக்கும் தெரியும்.

எமது பங்கிலும் ஒரு கருவிப் பெட்டியை வைப்பது பற்றிப் பேசி வருகிறோம். திறப்பு யாரிடம் இருப்பது என்பதில் இன்னும் ஒருமனப்படவில்லை. ஆலய மண்டபத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே திறக்கும், சங்கத் தலைவர் வீட்டில் இருந்தால் அவருடைய பெட்டியாகிவிடும் என்கிறார்கள். மேலே சொன்ன அந்தத் தாயின் வீடு தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது, அவர் பெரும்பாலும் வீட்டில் அல்லது வயலடியில் நிற்பவர். அவரிடமே கொடுப்போம் என்பது எம்மிற் சிலருடைய விருப்பம். நான் ஒன்றும் தெரியாதவள் என்று அவர் மறுத்துக் கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்க இருக்கிறோம்.