கூட்டரசாங்கமும் தோட்டத் தொழிலாளியும்

கூட்டரசாங்கம் பிறக்கும்போது கொள்கை முழக்கம் வானைப் பிளக்கும். அக்கொள்கையின் பாரம் எவர் தோளில் இறங்கியது என்று கேட்பதே மக்களின் கடமை.

1964 ஜூனில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சி சேர்ந்தது. 1948 இல் மலைநாட்டுத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து நின்ற கட்சி அது. அதன் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி சாஸ்திரியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாமாம்! 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா?

1970 இல் அதே கட்சிகள், கம்யூனிஸ்ட் கட்சியுடன், ஐக்கிய முன்னணியாக மீண்டும் ஆட்சியேறின. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயி நல்ல விலை கண்டான். இதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அரிசியும் மாவும் அருகிய 1973, 1974 ஆம் ஆண்டுகளில், பயிரிடச் சொந்தக் காணியற்ற தோட்டத் தொழிலாளி பட்டினி கிடந்தான். 1974 இல் தோட்டங்களில் மரண விகிதம் வெகுவாக உயர்ந்தது.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமையை 50 ஏக்கருக்கும், நெற்காணியை 25 ஏக்கருக்கும் மட்டுப்படுத்தியது. அதன் நோக்கத்தில் நாம் குறை காணோம். ஆயினும் மாத்தளை, கண்டி மாவட்டங்களில் நேர்ந்ததென்ன? தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் பல தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு வன்னிக் காடுகளை நாடினர். 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சியும் அரசாங்கத்திலிருந்து விலக்கப்பட்டது. 1976 ஆகஸ்டில் கொழும்பு, அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டுக்கு விழாக்கோலம் பூண்டது. உலகின் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய அரசாங்கத்தின் சொந்த மண்ணிலே நாடற்றோர் லயன்களில் வாடினர்.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளித்தது. வாக்கு வந்தது, காணி வரவில்லை. லயன் அறையின் உறுதிப்பத்திரம் இன்றும் பெரும்பாலோர் கையில் இல்லை.

ஆகவே நாம் கூறுவது இதுவே: எந்தக் கூட்டணிக்கும் ஆதரவு வழங்குமுன் வீட்டுக்காணி உரிமையை எழுத்தில் பெறுக, எழுத்திலே காலவரையறையையும் பெறுக. அதனை வரைவது மாத்தளையின் சட்டத்தரணிகள், ஆசிரியர்கள் பொறுப்பு; அதற்குத் துணைநிற்பது விவசாயிகள் பொறுப்பு. மந்திரிப் பதவியை மட்டும் கேட்டு வாங்குவோர், அப்பதவியோடு மட்டுமே வீடு திரும்புவர்.