பொன்னம்பலக் கூரையில் 21,600 ஓடுகள்... நடராஜர் சொல்லும் மூச்சுக் கணக்கு!

ஜூன் 21 யோகா தினம் வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க நடராஜாசனம்தான். ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலைப் பின்னால் வளைத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கிளிக்!

ஆனால், சிதம்பரம் நடராஜர் காலைப் பின்னால் தூக்கவே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வலது கால் முயலகன் மேல் ஊன்றியிருக்க, இடது கால் உடலுக்குக் குறுக்கே முன்பக்கமாக எழுந்து நிற்கிறது. உடுக்கை படைத்தலையும், நெருப்பு அழித்தலையும், 'அஞ்சாதே' என்னும் கை காத்தலையும் குறிக்கின்றன. முயலகன்தான் அறியாமை. அவனைக் கொல்லவில்லை, மிதித்து அடக்கி வைத்திருக்கிறார். உடம்பு ஆடுகிறது, முகத்தில் சலனமே இல்லை. யோகம் தேடுவதும் அந்த முகத்தைத்தானே!

அந்த ஆட்டத்தைத் தில்லையில் கண்டவர்கள் இருவர் என்கிறது புராணம். ஒருவர், புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர். வண்டு தொடாத பூவைப் பறிக்க, மரமேறப் புலிக்கால் கேட்டு வாங்கியவர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் உள்ள 'புலி' இவர்தான் என்பார்கள் ஊர்க்காரர்கள். இன்னொருவர், ஆதிசேஷனின் அவதாரமான பதஞ்சலி. யோக சூத்திரம் எழுதியவரும் இவரே என்பது மரபு. ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த நூலில் நடராஜாசனம் என்ற பெயரே கிடையாது. அசையாமல், சிரமமில்லாமல் உட்காருவதுதான் அங்கே ஆசனம். அடுத்த படி, மூச்சு.

அந்த மூச்சுதான் பொன்னம்பலத்தின் கூரையில் இருக்கிறது. அதில் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600, மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை. ஓடுகளைப் பிணைக்கும் ஆணிகள் 72,000, உடலில் ஓடும் நாடிகள் என்பது தில்லை மரபு. கணக்குப் போட்டால், மணிக்கு 900, நிமிடத்துக்கு 15 மூச்சு. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்கிறது இன்றைய மருத்துவம். பொருந்தித்தான் போகிறது!

ஆசனம் பழகுகிறவர்கள் முதலில் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் காலைத் தூக்க வேண்டாம். வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு இதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்லுங்கள்.