பேய் குடியிருந்த மாளிகை

நம் சங்கத்து மில் தோழர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன் சங்க ஆபீசுக்கும் வந்தான். மரியாதை மறக்காத பையன். கைபேசியை என் முன்னால் நீட்டி, "இதப் பாருங்க மாமா, சினிமா எடுத்த இடம். டிக்கெட் வாங்கித்தான் உள்ளயே விடுறான்" என்றான்.

படம் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள், கிளையோடு கிளை கோத்துப் பந்தல் போட்டாற்போல் நிற்கின்றன. அந்தக் கோடியில் வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. அதற்குத் தூணும் 28. லூசியானா மாகாணத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் வாச்சரி என்ற ஊரில் இருக்கிறது. ஓக் ஆலி என்று பெயர். 1837ல் தொடங்கி 1839ல் கட்டி முடித்தார்கள். 1994ல் வந்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' என்ற ஹாலிவுட் படம் இங்கே எடுக்கப்பட்டது. அந்தக் கதையில் பண்ணைச் சொந்தக்காரன் இரத்தம் குடிக்கும் பேயாகிவிடுகிறான்! உழைப்பை உறிஞ்சும் மூலதனத்தை இரத்தம் குடிக்கும் பேய்க்கு ஒப்பிட்டு எழுதியவர் மார்க்ஸ். ஹாலிவுட்காரன் மார்க்ஸைப் படித்தானோ இல்லையோ, பேயைச் சரியான வீட்டில்தான் குடிவைத்திருக்கிறான்.

"யார் கட்டினாங்கன்னு சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"அடிமைங்க கட்டினதுன்னு சொன்னாங்க மாமா. குடிசை மாதிரி ஆறு கட்டி வச்சிருக்காங்க. நேரமில்ல, பாக்கல."

மாளிகைக்கு நேரம் இருந்தது, குடிசைக்கு இல்லை! மில் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை சொல்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கண்ணை அப்படிப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம்.

அந்தத் தோட்டத்தில் ஆன்ட்வான் என்று ஓர் அடிமைத் தோட்டக்காரர் இருந்தார். அங்கே பீகன் என்று வாதுமை போல ஒரு கொட்டை உண்டு. விதை போட்டு வளர்த்தால் மரத்துக்கு மரம் கொட்டை வேறாக இருக்கும். நல்ல மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பார்த்த ஒரு டாக்டர் தோற்றுப்போனார். 1846-47 குளிர்காலத்தில் ஆன்ட்வான் 16 மரங்களில் ஒட்டுக்கட்டி ஜெயித்தார். அமெரிக்காவில் வியாபாரத்துக்கு ஏற்ற முதல் பீகன் ரகம் அதுதான். கைக்கூலி என்ன தெரியுமா? 1848ல் முதலாளி செத்தான். சொத்துப் பட்டியல் எழுதினார்கள். அதில் ஆன்ட்வானையும் எழுதி, எதிரே ஆயிரம் டாலர் விலை போட்டார்கள். 1876ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கொட்டைக்குப் பாராட்டு கிடைத்தது. ரகத்துக்கு 'சென்டெனியல்' என்று பெயரிட்டார்கள். ஒட்டுக்கட்டிய மனிதனின் தகப்பன் பெயர்கூட இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பணமெல்லாம் வந்தது கரும்பில். கரும்பு வெட்டும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டிய கரும்பு காத்திருக்காது. உறைபனி விழுவதற்குள் வெட்டி முடிக்கவும் வேண்டும். ஆகவே அரவைக் காலத்தில் இரவு பகல் கிடையாது. உருளையில் கை போகும், கொதிக்கும் பாகில் உடம்பு வேகும், தூங்கினால் சவுக்கு. கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது தூரதேசத்துக் கதையாகத் தோன்றாது.

அதே ஆற்றங்கரையில் டெஸ்ட்ரஹான் என்று இன்னொரு மாளிகை. அங்கேயும் அந்தப் பேய்ப்படம் எடுத்தார்கள். அடிமை வாழ்வையே கதையாகக் கொண்ட '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தின் சில காட்சிகளையும் (2013) அங்கே எடுத்தார்கள். ஆனால் அங்கே உண்மையிலேயே நடந்த காட்சி ஒன்று உண்டு. 1811 ஜனவரி 8ந் தேதி இரவு சார்லஸ் டெலோண்ட் என்பவர் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள். வெட்டரிவாளும் கோடரியும் பிடித்து, ஆற்றோரச் சாலையில் நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். இரண்டே நாளில் துப்பாக்கிப் படை அவர்களை நசுக்கியது. பிடிபட்டவர்களுக்கு விசாரணை நடந்த இடம் இந்த டெஸ்ட்ரஹான் பண்ணை. நீதிபதிகள் யார்? பண்ணையார்கள்! சுட்டுக் கொன்று, தலையை வெட்டி, ஆற்றங்கரை நெடுகக் கழியில் குத்தி வைத்தார்கள்.

இந்தக் கரையில்தான் மாளிகைகளைக் கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஹாலிவுட் நட்சத்திர ஜோடி ஒன்று 2012ல் தென் கரோலினாவில் இப்படியொரு பண்ணையில் மாலை மாற்றிக்கொண்டது. பிறகு 2020ல் மாப்பிள்ளை வருத்தம் தெரிவித்தார். எட்டு வருஷம் கழித்து! அரசும் சும்மா இருக்கவில்லை. 2002ல் சட்டம் போட்டு, லூசியானாவில் படம் எடுக்கும் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை கொட்டிக் கொடுத்தது.

இந்த மோகத்தை மூட்டிவிட்ட பெரிய படம் 1939ல் வந்த 'கான் வித் தி விண்ட்'. அதில் வரும் பண்ணை வீடு ஸ்டுடியோவில் நிறுத்திய முகப்பு. உள்ளே வீடே கிடையாது. வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் படத்தின் முதல் காட்சிக்கு அட்லாண்டாவுக்குப் போக முடியவில்லை, கறுப்பர் என்பதால். மறு வருஷம் ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். உட்கார மட்டும் தனி மேஜை! இரட்டைக் குவளை டீக்கடை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

"பழசைக் கிளறுவானேன், 1865ல் அடிமைத்தனம் ஒழிந்துவிட்டதே" என்பார்கள் கனவான்கள். ஒழிந்தது. அதே ஆட்கள், அதே கரும்பு, அதே குடிசை மட்டும் மிஞ்சின. கூலி? தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் சீட்டு! 1887 நவம்பர் 1ந் தேதி சுமார் பத்தாயிரம் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் கறுப்பு மக்கள். வெள்ளைத் தொழிலாளிகளும் ஆயிரம் பேர்போல் கூட நின்றார்கள். கேட்டது என்ன? நாளுக்கு ஒன்றேகால் டாலர். அதுவும் சீட்டாக இல்லை, காசாக. கவர்னர் பட்டாளம் அனுப்பினார். குடிசையை விட்டுத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் திபோடோ என்ற ஊரில் ஒண்டிக்கொண்டார்கள். நவம்பர் 23ந் தேதி காலை வெள்ளைக் கும்பல் துப்பாக்கியோடு அங்கே புகுந்தது. செத்தவர்கள் குறைந்தது 30 பேர். அதற்கு மேல் எத்தனை என்று கணக்கு வைத்தவன் இல்லை. வெண்மணியில் கூலி நெல் கேட்டதற்கு 1968ல் நம் மக்களை எரித்தார்களே, அதற்கு 81 வருஷம் முந்திய சங்கதி இது.

2025 மே 15ந் தேதி நாட்டோவே என்ற மாளிகை தீப்பிடித்து எரிந்து போயிற்று. 1859ல் கட்டியது. மறு வருஷக் கணக்கில் அந்த முதலாளிக்கு 155 அடிமைகள். கடைசியில் ஹோட்டலாகவும் கலியாண மண்டபமாகவும் இருந்தது. எரிந்ததைப் பார்த்துச் சிலர் அழுதார்கள், பலர் ஆடிப்பாடினார்கள். ஆடியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஆட மாட்டேன். அந்தச் செங்கல்லை வார்த்த கை நம் கை. நிற்கட்டும் மாளிகைகள். யார் பெயரைச் சொல்லிக் காட்டுகிறாய் என்பதுதான் வழக்கு.

அப்படிக் காட்டவும் முடியும். ஓக் ஆலிக்குச் சற்றுக் கீழே, வாலஸ் என்ற ஊரில் விட்னி என்ற பண்ணை. ஒரு வழக்கறிஞர் தன் பணத்தைப் போட்டு வாங்கி, 2014 டிசம்பரில் திறந்தார். அங்கே முதலாளி கதை பின்னுக்குப் போய்விட்டது. அடிமைகளின் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். 1811ல் கழியில் ஏறிய தலைகளுக்கும் சின்னம் உண்டு. பணக்காரர் ஒருவர் செய்தார் என்பதற்காக அதை நான் குறை சொல்லப் போவதில்லை.

பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த ஊர் பேரெல்லாம் எழுதிக் குடுங்க மாமா" என்றான். வசூல் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விட்னி, திபோடோ, 1887 நவம்பர் 23 என்று எழ்துவதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. ஆன்ட்வான் பெயரைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு, தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.