விண்டனின் முடிச்சும் நமது ஊகங்களும்



வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில் காதில் விழுகிற பேச்சில் பாதி தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியது. ஆகவே இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்கிறோம். நாம் வாழும் ஜேர்மனியில் எடுக்கப்பட்ட ‘டார்க்’ தொடர்தான் விஷயம். முடிந்து வருடங்கள் ஆகியும் அதைப் பற்றிய வாதம் மட்டும் ஓயவில்லை.

தொடங்கமுன் இரண்டு எச்சரிக்கைகள். வன்முறையும் வயதுவந்தோருக்கான காட்சிகளும் அதில் உண்டு. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய தொடர் அல்ல. அடுத்தது, முடிவையும் இங்கே சொல்லப்போகிறோம். இனித்தான் பார்க்க இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு வாருங்கள்.

கதை என்ன?

பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீசே என்ற இருவர் உருவாக்கிய தொடர் இது. நெட்பிளிக்ஸ் ஜேர்மன் மொழியில் தயாரித்த முதல் தொடரும் இதுதான். 2017 டிசம்பரில் முதல் பாகம், 2019 யூனில் இரண்டாவது, 2020 யூன் 27 இல் மூன்றாவது என்று மொத்தம் 26 அத்தியாயங்கள். அந்த யூன் 27 தான் கதைக்குள்ளும் உலகம் அழிகிற நாள். அப்படித் திகதி பார்த்து வெளியிட்டார்கள்.

விண்டன் என்ற கற்பனை ஊர். அருகே ஓர் அணுமின் நிலையம், காட்டுக்குள் ஒரு குகை. 2019 இல் மிக்கேல் என்ற சிறுவன் காணாமல் போகிறான். குகை வழியாக அவன் போய்ச் சேர்ந்தது 1986. அங்கேயே வளர்ந்து, பெயர் மாறி, யோனாஸ் என்ற பையனுக்குத் தகப்பனாகிறான். அதாவது 2019 இல் காணாமல் போன சின்னப் பையன்தான் யோனாஸின் அப்பா!

காலங்கள் 33 வருட இடைவெளியில் கோர்க்கப்பட்டிருக்கின்றன: 1953, 1986, 2019. பிறகு 1921, 1888, எதிர்காலம் என்று கதை விரிகிறது. நமக்கு அந்த 1986 இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. அந்த வருடம்வரை கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குக் கடந்து வந்த தமிழர் பலர். அதே வருட இலையுதிர் காலத்தில் அந்த வழி அடைபட்டது. விண்டன்காரர் குகைக்குள் நுழைந்த காலத்தில்தான் நம் வீட்டு அப்பா அம்மாக்களும் இன்னொரு எல்லையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஊகங்கள் வந்த விதம்

பாகத்துக்கும் பாகத்துக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் உலகம் முழுவதும் இரசிகர்கள் கொப்பியும் பேனாவுமாக இருந்து குடும்ப மரம் வரைந்தார்கள்.

சில ஊகங்கள் பலித்தன. முகத்தில் தாடியோடு வரும் ‘அந்நியன்’ வளர்ந்த யோனாஸ்தான் என்று முதல் பாகம் முடியமுன்பே பலர் பிடித்துவிட்டார்கள். சில ஊகங்கள் நல்ல ஆதாரத்தோடு நின்றும் பலிக்கவில்லை. ரெகீனாவின் தகப்பன் யார் என்ற கேள்விக்கு ‘ட்ரொண்டே’ என்று பலர் அடித்துச் சொன்னார்கள். ரெகீனாவின் தாய் கிளவுடியாவுக்கும் அவருக்கும் இருந்த உறவு அப்படி நினைக்க வைத்தது. கடைசியில் தகப்பன் பெர்ன்ட் டொப்ளர். சின்ன விஷயம்போல இருந்தாலும், முடிச்சுக்குள் அகப்படாதவர் ரெகீனா என்பது இதிலிருந்துதான் தெரிகிறது. அதனால்தான் கடைசிக் காட்சியில் அவர் உயிரோடு மேசையில் இருக்கிறார்.

இன்னொன்று, குகைக் கதவில் இருக்கும் மூன்று வளைவுகள் பின்னிய சின்னம். கிறிஸ்தவக் கலையில் திரித்துவத்தைக் காட்டவும் இது பயன்பட்டிருக்கிறது. மூன்று வளைவென்றால் மூன்று காலம் என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினார்கள். தொடரும் அப்படியே எண்ண விட்டது. மூன்றாம் பாகத்தில்தான் மூன்று உலகங்கள் இருப்பது தெரிந்தது. கணக்கு சரி, எண்ணியது எதை என்பதில்தான் பிழை.

வார்டில் இதற்கு ஒரு பெயர் உண்டு

தாதியர் படிப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் ஓர் ஆபத்து இது: முதலில் தோன்றிய எண்ணத்தில் நங்கூரம் போட்டுவிடுவது. நெஞ்சு எரிகிறது என்று ஒருவர் வருகிறார். இரவு கொத்துரொட்டி சாப்பிட்டாராம். ‘வாய்வுதான்’ என்று அவரே சொல்கிறார், கூட வந்தவரும் சொல்கிறார். அப்படியும் இருக்கலாம். ஆனால் இதயமாகவும் இருக்கலாம், நுரையீரலில் அடைத்த இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை வியாதி இருந்தால் மாரடைப்பின் வலி தெளிவாகத் தெரியாமலும் போகும்.

அதனால் நாங்கள் ஈசிஜி எடுக்கிறோம், இரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்க்கிறோம். இதயத்தசை பாதிக்கப்பட்டால் அது இரத்தத்தில் கூடுவதற்கு நேரம் எடுக்கும். ஆகவே சில மணி நேரத்தில் மறுபடியும் எடுத்துப் பார்க்கிறோம். ‘ஒருக்கா எடுத்தாச்சு, பிறகும் ஏன் பிள்ளை குத்திறாய்?’ என்று அப்பாமார் கோபிப்பார்கள். முதல் எண்ணம் சரியா என்று பார்ப்பதற்காகத்தான் ஐயா, அந்த இரண்டாவது குத்து.

நல்ல இரசிகர்களும் இதைத்தான் செய்தார்கள். ‘என் ஊகம் பிழையென்றால் அதை எந்தக் காட்சி காட்டும்?’ என்று தேடினார்கள். அந்தக் கேள்வியைக் கேளாதவர்கள் மூன்றாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊகத்தை விட்டுக் கதையைக் கோபித்துக்கொண்டார்கள்.

மனிதரைப் பற்றிய ஊகம்

தொடரைப் பற்றி ஊகிப்பதால் எவருக்கும் நட்டமில்லை. சபைக்கு மூன்று கிழமை வராத ஒரு பிள்ளையைப் பற்றி ஊகிப்பது வேறு. ‘யாரோடோ பழக்கமாம்’, ‘வீட்டில சண்டையாம்’, ‘விசுவாசம் போட்டுதாம்’ என்று மூன்று காலக்கோடு வரைந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்குப் பரீட்சையாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், ஞாயிறு வேலையாக இருக்கலாம். ஓர் அழைப்பு எடுத்தால் தெரிந்துவிடும். விண்டனிலும் பாருங்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேளாமல் விட்ட கேள்விகள்தான் கதையை அவ்வளவு சிக்கலாக்குகின்றன.

முடிச்சின் நடுவில்

இத்தனை குடும்ப மரத்துக்கும் நடுவில் கடைசியில் என்ன இருந்தது? தான்ஹவுஸ் என்ற ஒரு மணிக்கூட்டுக்காரர். 1971 இல் ஒரு மழை இரவு, மகன் அவரோடு வாக்குவாதப்பட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். விபத்தில் மூவரும் இறக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர அவர் செய்த இயந்திரம்தான் உலகத்தை இரண்டாகப் பிளந்தது. அந்தச் சிக்கல் முழுவதும் ஒரு தகப்பனின் துக்கத்திலிருந்து பிறந்தது.

இந்தத் துக்கத்தை நாங்கள் வைத்தியசாலை நடையில் அடிக்கடி காண்கிறோம். ‘நேற்றே கூட்டிக்கொண்டு வந்திருந்தால்?’, ‘அன்றைக்கு அந்தச் சண்டை பிடிக்காமல் இருந்திருந்தால்?’ இழந்தவர் ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் இரண்டாவது காலக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் இருப்பவரிடம் ‘அப்படி யோசிக்காதீங்கோ’ என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறோம். நடந்ததை மெதுவாக, உண்மையாகச் சொல்கிறோம். அவர் கேட்டதையே பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவை பதில் சொல்கிறோம்.

தொடரில் வரும் பெயர்களைக் கவனித்திருப்பீர்கள்: யோனாஸ், நோவா, ஆதாம், ஏவா, மார்த்தா. வேதத்து மார்த்தாளும் சகோதரனை இழந்த நேரத்தில் இதே ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லோடுதான் இயேசுவிடம் வந்தாள். அவர் அவளை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குக் கூடவே நடந்து போனார். போகும் வழியில் அழுதார். லாசரு வெளியே வந்ததை நாமெல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்திய அந்த நடையையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த மாதம் செய்து பார்க்க

1. உங்களுக்குப் பிடித்த ஊகம் ஒன்றை எழுதுங்கள். அதைப் பிழையென்று காட்டக்கூடிய ஒரு காட்சியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

2. கொஞ்ச நாளாகக் காணாத ஒருவருக்கு அழைப்பு எடுங்கள். ‘ஏன் வரேல்ல?’ என்று தொடங்காமல், ‘எப்படி இருக்கிறாய்?’ என்று தொடங்குங்கள்.

3. 1986 இல் எங்கே இருந்தீர்கள் என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேளுங்கள். எந்தத் தொடரிலும் இல்லாத கதை ஒன்று கிடைக்கும். எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.