கடை போர்டு காற்றில் விழுந்தால் யார் பொறுப்பு? சுவரில் நாலு போல்ட் போதுமா?

புயல் எச்சரிக்கை வந்தால் சென்னையில் மரக்கிளைகளைக் கழிப்பார்கள், கட்டுமான கிரேன்களை இறக்கி வைக்கச் சொல்வார்கள். நடைபாதையில் போகிறவரின் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கும் கடை போர்டை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் 100 கி.மீ.க்கு மேல் வேகத்தில் நகரத்தைக் கடந்தபோது மரங்களோடு சேர்ந்து போர்டுகளும் பறந்தன. அடுத்த வாரமே பல இடங்களில் அதே சுவரில், அதே மாதிரி மாட்டினார்கள்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். 40-க்கு 40 அடி வரைதான் அனுமதி என்றிருந்த ஊரில் அது 120-க்கு 120 அடி. பிறகு ஆய்வு செய்த வி.ஜே.டி.ஐ. கல்லூரி நிபுணர்கள் சொன்ன கணக்குதான் முக்கியம்: மணிக்கு 158 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டிய அமைப்பு, 49 கி.மீ.யைத்தான் தாங்கியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூன் 1 அன்று, கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை சரிந்து இறந்த மூன்று பேரும் அதை அமைக்கும் வேலையில் இருந்த தொழிலாளர்கள்.

இவை சாலையோர ராட்சதப் பலகைகள். கடை போர்டு சின்னதுதானே என்று தோன்றலாம். அளவுதான் சின்னது, காற்று ஒன்றுதான்.

காற்று எவ்வளவு தள்ளும்?

158 என்ற எண் எங்கிருந்து வருகிறது? கட்டடங்கள் மீதான காற்றுச் சுமைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதி ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகத்தைச் சொல்கிறது. மும்பைக்கு வினாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கி.மீ. சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கி.மீ. கோவை, மதுரைக்கு 39 மீட்டர்.

பத்தடி நீளம், நாலடி உயரமுள்ள ஒரு சாதாரண போர்டை எடுத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகக் காற்று அதன் மீது தோராயமாக 44 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் 100 கி.மீ. ஆனால் தள்ளுவிசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்: சுமார் 175 கிலோ. 180 கி.மீ.யில் 570 கிலோ. போர்டின் வடிவம், உயரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் "நாலு வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகல" என்ற வாதத்தில் இருக்கும் ஓட்டை இதுதான். அந்த நாலு வருஷமும் அடித்தது 50 கி.மீ. காற்றாக இருக்கலாம்.

"சுவரோட ஒட்டித்தானே இருக்கு, காத்து எங்க புடுங்கப் போவுது?" என்பார்கள். காற்று சுவரை அழுத்துவது மட்டுமல்ல. கட்டடத்தைச் சுற்றி வளைந்து போகும்போது பக்கச் சுவர்களிலும் மூலைகளிலும் உறிஞ்சி வெளியே இழுக்கும். மூலைக்கடை போர்டுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

சுவரிலிருந்து குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் போர்டின் கதை இன்னும் மோசம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் போர்டு, 100 கி.மீ. காற்று என்றால் தள்ளுவிசை 46 கிலோதான். ஆனால் அதைப் பிடித்திருக்கும் தகட்டில் போல்ட்டுகளுக்கு இடையே 10 செ.மீ. இடைவெளிதான் என்றால், நெம்புகோல் போல வேலை செய்து ஒரு பக்க போல்ட்டுகளை 230 கிலோ விசையோடு பிடுங்கும்.

போல்ட் எதைப் பிடித்திருக்கிறது?

பெரும்பாலும் போல்ட் உடைவதில்லை. சுவர்தான் அதை விட்டுவிடுகிறது. வெளிப்பூச்சு ஓர் அங்குலம்கூட இருக்காது; குட்டையான ஸ்க்ரூ அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். அதையும் தாண்டி செங்கல் அல்லது கான்கிரீட்டுக்குள் போதுமான ஆழம் போனால்தான் பிடிப்பு. விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டில் அருமையாக நிற்கும். அதையே ஹாலோ பிளாக்கிலோ எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கிலோ அடித்தால் கல்லை நொறுக்கிவிடும். செங்கல்லின் ஓரத்தில் அடித்தால் செங்கல் பிளக்கும். கெமிக்கல் ஆங்கர் போட்டால் துளையிலிருக்கும் தூளை ஊதி, பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பசை தூளில்தான் ஒட்டும். அந்த இரண்டு நிமிட வேலையைத்தான் அவசரத்தில் விடுகிறார்கள்.

புது கட்டடங்களில் இன்னொரு கண்ணி: முகப்பில் பளபளக்கும் ஏ.சி.பி. ஷீட். அது அலங்காரம், போர்டைத் தாங்குவதற்கானது அல்ல. அதற்குப் பின்னாலிருக்கும் கான்கிரீட் பீமில்தான் போர்டின் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் அப்படித்தான். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் பெரிய போர்டைக் கட்டினால், காற்றில் சுவரும் சேர்ந்தே வரும். பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம் என்றால் சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து நட் போடுவதுதான் நம்பகமான வழி.

கடலோர ஊர்களில் சாதாரண இரும்பு போல்ட் சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துவிடும். போல்ட்டுக்குக் கீழே சுவரில் பழுப்பு நிறத்தில் துருக்கோடு இறங்கியிருந்தால் அதைப் பெயின்ட் அடித்து மறைப்பது தீர்வல்ல. போல்ட்டைச் சுற்றி விரிசல், தட்டினால் வெற்று ஓசை, காற்றடிக்கும்போது கடகடவெனச் சத்தம், இவையும் அதே வரிசைதான். விளக்கு போர்டு என்றால் எர்த்திங் இருக்கிறதா, மழை நீர் உள்ளே இறங்குகிறதா என்பதையும் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

விழுந்தால் யார் பதில் சொல்வது?

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் வைத்திருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். "காத்துதான் காரணம்" என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1966-லேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்த வழக்கு அது. பொதுச் சாலையை ஒட்டிய கட்டுமானத்தைச் சரியாகப் பராமரிப்பது அதை வைத்திருப்பவரின் கடமை, வெளியே தெரியாத பழுது என்று சொல்லித் தப்ப முடியாது என்றது தீர்ப்பு. இழப்பீடு தவிர, கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை.

நடைமுறையில் போர்டு செய்பவர் சுவரைப் பற்றிக் கேட்பதில்லை, கட்டட உரிமையாளர் போல்ட்டைப் பற்றிக் கேட்பதில்லை, வாடகைக்குக் கடை எடுத்தவர் திறப்பு விழா தேதியை மட்டும் கேட்கிறார். புதிதாக கஃபேயோ கிளினிக்கோ தொடங்குகிறவர்கள் போர்டுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கலாம். எத்தனை போல்ட், என்ன அளவு, எவ்வளவு ஆழம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் வேலை செய்பவருக்கும் குழப்பமில்லை. மாட்டும் நாளில் சாரமும் பாதுகாப்பு பெல்ட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது கடைக்காரர் பொறுப்புதான்.

கடையைக் காலி செய்யும்போதுதான் மிகப் பெரிய மறதி நடக்கிறது. ஃபிளெக்ஸைக் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரும்புச் சட்டம் சுவரிலேயே துருப்பிடித்துத் தொங்கும். அடுத்து வருபவர் அதன் மேலேயே தன் போர்டை மாட்டுவார். சட்டத்தை யார் கழற்ற வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.